பக்கத்தில் இருப்பவரே முதல் வைத்தியர்

புனே நகரத்துக்குப் போதைப் பொருளின் கொடுமை புதிய விஷயமன்று. அதை எதிர்த்து நின்ற பெருமையும் அந்நகரத்துக்குப் புதிதன்று. 1980-களில் ‘கர்த்’ என்று மராத்தியர் அழைத்த பழுப்பு ஹெராயின் பொடி அங்குள்ள இளைஞர்களைப் பிடித்தாட்டியபோது, வைத்தியப் பட்டம் பெற்றிருந்தும் எழுத்தையே வாழ்வாகக் கொண்ட அனில் அவசட், அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்களை நேரில் கண்டு பேசி, படித்தவர் மனத்தையெல்லாம் உலுக்கிய கட்டுரைகளை எழுதினார். அவற்றைப் படித்து நெஞ்சு கலங்கியவர்களில் மராத்தி இலக்கியத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான பு. ல. தேஷ்பாண்டேயும் ஒருவர், அவர் மனமுவந்து அளித்த ஒரு லட்சம் ரூபாயை ஆதாரமாகக் கொண்டு, அவசட்டின் துணைவியாரும் மனநோய் வைத்தியருமான டாக்டர் அனிதா அவசட், 1986 ஆகஸ்ட் 29-ஆம் தேதி எரவாடாவில் முக்தாங்கண் என்னும் போதை மீட்பு நிலையத்தைத் தொடங்கினார். பத்திரிகையில் வந்த எழுத்து ஓர் ஆஸ்பத்திரியாக வடிவெடுத்த அந்தச் சரித்திரம், எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் ஒருங்கே ஊக்கம் தரத்தக்கது.

அன்று அவசட் தம்பதிகள் எதிர்த்துப் போராடிய விஷம், கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு வயல் வேண்டும், பருவம் வேண்டும், அறுவடை வேண்டும், எல்லைகளைக் கடந்து அதைச் சுமந்து வரும் ஆட்கள் வேண்டும். இன்று நம்மை நெருங்கி வருகின்ற விஷத்துக்கு இவற்றில் ஒன்றுமே வேண்டியதில்லை. ரசாயனப் பொருள்களும், ஒரு கொட்டகையும், ரசாயனம் படித்த ஒருவரும் இருந்தால் போதும். 2024 பிப்ரவரியில் புனே போலீஸார் நடத்திய சோதனைகளில், தவுண்ட் தாலுகாவின் குர்கும்ப் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு ரசாயன ஆலையிலும், அதன் தொடர்பாக டில்லி, சாங்லி முதலிய இடங்களிலுமாக, ‘எம்.டி.’ என்று தெருவில் வழங்கும் மெபெட்ரோன் 1,700 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. மெபெட்ரோன் கிளர்ச்சியூட்டும் வகையைச் சேர்ந்தது. நான் இங்கே பேச எடுத்துக்கொண்ட அபின் வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் ஒரு விஷத்தை இவ்வளவு பெரிய அளவில், ஊரறிந்த தொழிற்பேட்டைக்குள்ளேயே செய்ய முடிந்தவர்களுக்கு மற்றொரு விஷத்தைச் செய்வது அசாத்தியமான காரியமாக இராது என்பதை உணர்ந்துகொள்ள அதிக யோசனை தேவையில்லை.

அந்த மற்றொரு விஷத்தின் பெயர் பென்டனில். பெல்ஜியம் தேசத்து மருந்தியல் மேதையான பால் யான்சன் 1960-ஆம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கினார். மருந்து என்ற வகையில் இது மனித குலத்துக்குக் கிடைத்த நன்கொடை என்றே சொல்லவேண்டும். இன்று நம் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நெஞ்சைத் திறந்து சிகிச்சை செய்யும்போது நோயாளி வலியறியாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே துணை. ஆனால் இதன் வீரியம், அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்னும் வலி மருந்தைப் போல் 50 முதல் 100 மடங்கு. மயக்க வைத்தியர் கையாளும் சிறு குப்பியில் இருப்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். பழக்கமில்லாத உடம்பில் 2 மில்லிகிராம், அதாவது ஒரு சில பொடியுப்புத் துகள்களின் அளவு, உயிரைப் போக்கப் போதுமானது என்று கணக்கிடுகிறார்கள். இதன் உறவான கார்பென்டனில், யானை போன்ற பெரிய மிருகங்களை மயக்குவதற்கென்று ஏற்பட்டது. அது மார்பினைப் போல் 10,000 மடங்கு வீரியமுடையது. 1950-களில் ஸ்விட்ஸர்லாந்தின் சிபா கம்பெனி ஆராய்ந்து, அபாயம் கருதி வைத்தியத்துக்குக் கொண்டுவராமல் விட்ட நிடசீன் என்னும் வகை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு கள்ளச் சந்தையில் உயிர்பெற்று எழுந்து ஐரோப்பாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடமாடுகிறது.

இவையெல்லாம் பிற நாடுகளின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட நமக்கு உரிமையில்லை. 2018 செப்டம்பரில், இந்தூரில் ஒரு ரகசிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோ பென்டனிலை மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் கைப்பற்றினர். 2025 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனம், டபென்டடால் என்னும் வலி மருந்தையும் காரிசோபுரோடால் என்னும் தசை தளர்த்தியையும் கலந்து மாத்திரைகளாக்கி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வந்ததை பி.பி.சி. வெளிப்படுத்தியது; அங்கே கானாவிலும் நைஜீரியாவிலும் ஏழைப் பிள்ளைகள் அந்த மாத்திரைகளுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். செய்தி வெளியான சில நாட்களிலேயே அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் கொடுத்திருந்த அனுமதிகளை மத்திய சர்க்கார் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிற நாட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கும் பண்டம் நம் மண்ணில் விளைந்ததே என்று நாம் தலை குனிய வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் தப்பவில்லை. டிரமடால் என்னும் செயற்கை அபின் மருந்தை 2018 ஏப்ரலில் போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தபின், அதன் இடத்தை டபென்டடால் பிடித்துக்கொண்டது. வலி நிவாரண மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியால் நரம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞன் மாண்டான் என்ற செய்தி சென்னையிலிருந்தும் தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அபின் வகைப் பொருள்களை உபயோகிப்போர் ஜனத்தொகையில் 2.1 சதவீதம் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்குச் சிகிச்சையோ உதவியோ அவசியம் என்றும் கூறியது. அந்த 77 லட்சத்தில் பெரும் பங்கைச் சுமக்கும் ராஜ்யங்களின் வரிசையில் மகாராஷ்டிரமும் இருந்தது. புனேயில் கல்லூரிக்கும் கணினி வேலைக்குமாகப் பிள்ளைகளை அனுப்பியுள்ள தமிழ்க் குடும்பங்களும், கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் இதை அறிந்திருப்பது நலம்.

இப்பொருள்களின் அபாயத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆனால் இவை எப்படிக் கொல்லுகின்றன என்பதையும், கொல்லுகிற அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்பதையும் யாருமே சொல்லுவதில்லை. அபின் வகைப் பொருள் எதுவாயினும், மூளையின் அடித்தண்டில் சுவாசத்தை நடத்தி வைக்கும் இடத்தைப் போய் அமுக்குகிறது. ரத்தத்தில் கரியமில வாயு மிகுந்தால் மூச்சை இழு என்று ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் அந்த இடம் மந்தமடைகிறது. மூச்சு நிதானப்படுகிறது, பிறகு அரிதாகிறது, பிறகு நின்றே போகிறது. இருதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்; ஆனால் பிராணவாயு எட்டாத மூளை நான்கைந்து நிமிஷங்களுக்குள் கெடத் தொடங்குகிறது. மதுவும் தூக்க மாத்திரையும் உடன் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. கோடீன் கலந்த இருமல் மருந்தோடு அல்பிரசோலம் மாத்திரையை விழுங்கும் பழக்கம் அத்தனை கொடியதாவதற்கு இதுவே காரணம்.

ஓர் அறையை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். நான்கு மாணவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் அறை. இரவு ஒரு மணி. ஒருவன் சுவரில் சாய்ந்தவாக்கில் கண்மூடிக் கிடக்கிறான். தலை மார்பின்மேல் கவிழ்ந்திருக்கிறது. தொண்டையிலிருந்து குறட்டை போன்ற ஒரு சப்தம், நீரில் கொப்புளம் வெடிப்பதுபோல, விட்டுவிட்டு எழுகிறது. தோழர்கள் பார்க்கிறார்கள், “மட்டையாகிவிட்டான்டா, தூங்கட்டும், விடிந்தால் தெளிந்துவிடும்” என்று சொல்லி விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்ளுகிறார்கள். உண்மையில் அது தூக்கத்தின் குறட்டையன்று. தளர்ந்துபோன நாக்கும் தொண்டையும் மூச்சுக் குழலை அடைக்க, உடம்பு காற்றுக்குப் போராடுகின்ற ஓசை. விடிகிறபோது அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தோழனிடத்தில் அன்பில்லாதவர்களும் அல்லர். அந்த ஓசையின் பொருளை அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஆகையால் அடையாளங்களைத் தெளிவாகச் சொல்லுகிறேன். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டாலும், தோளைப் பிடித்துக் குலுக்கினாலும், மார்பெலும்பின்மேல் விரல் முட்டிகளை அழுத்தித் தேய்த்தாலும் விழிக்கவில்லை என்பது முதலாவது. மூச்சு நிமிஷத்துக்கு எட்டோ பத்தோ என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது, அல்லது அடியோடு இல்லை என்பது இரண்டாவது. இமையை விலக்கிப் பார்த்தால் கண்ணின் கருமணி குண்டூசித் தலையளவாகச் சுருங்கியிருப்பது மூன்றாவது. இவற்றோடு உதடும் நகக் கண்ணும் நீலம் பாய்ந்திருக்கும். நம்மைப் போன்ற கரிய மேனியில் அது நீலமாகத் தெரியாமல் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். மேனி சில்லிட்டு, கைகால்கள் துவண்டு கிடக்கும். இவையெல்லாம் ஒருசேர இருக்கவேண்டும் என்று காத்திருக்கலாகாது. எழுப்பியும் எழவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் அதுவே போதும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உடனே 108-க்கோ 112-க்கோ தொலைபேசியில் சொல்லவேண்டும். நினைவில்லை, மூச்சில்லை என்று சொன்னால் போதும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் இருப்பதை விலக்கி, நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதவேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழும்புகிறதா என்று கவனிக்கவேண்டும். நாடியே இல்லையென்றால் மார்பை அழுத்திவிடும் முதலுதவியும் சேர வேண்டும். மூச்சு தானாக வரத் தொடங்கியபின், மேல் காலை மடக்கி, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் வாந்தி வந்தாலும் புரையேறாது. தண்ணீரைக் கொட்டுவது, காப்பி புகட்டுவது, விரல் விட்டு வாந்தியெடுக்கச் செய்வது, உப்பு நீரை ஊசியில் ஏற்றுவது முதலான தெருவோர வைத்தியங்கள் எல்லாம் ஆபத்தை வளர்ப்பவை. தொட்டால் விஷம் நமக்கும் ஏறிவிடும் என்று அஞ்சி விலகி நிற்பதற்கும் காரணமில்லை. தோலில் சிறிது பொடி பட்டதனால் ஒருவர் மூச்சடங்கி விழுவதில்லை.

படுக்கவைக்கும் நிலை இவ்வளவு முக்கியமா என்று சந்தேகிப்பவர்கள் மாஸ்கோவின் கதையை நினைத்துப் பார்க்கவேண்டும். 2002 அக்டோபரில் அந்நகரின் துப்ரோவ்கா நாடக சாலையில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஜனங்களைச் செச்சேனிய ஆயுதக் குழுவினர் சிறைப்பிடித்து வைத்திருந்தார்கள். நான்காம் நாள் ருஷ்ய சேனை காற்றுக் குழாய்களின் வழியே ஒரு மயக்கப் புகையைச் செலுத்தி உள்ளே புகுந்தது. தப்பிப் பிழைத்தவர்களின் உடைகளையும் சிறுநீரையும் ஆராய்ந்து, அந்தப் புகையில் கார்பென்டனிலும் ரெமிபென்டனிலும் இருந்தன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பிற்பாடு வெளியிட்டார்கள். பிணையாளிகளில் 120-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்டு வெளியே கொண்டுவந்தபின் நடைபாதையில் மல்லாக்கக் கிடத்தப்பட்டு, நாக்கு பின்னுக்கு விழுந்தும் வாந்தி புரையேறியும் மூச்சடைத்துப் போனவர்கள் அவர்களில் பலர். காத்திருந்த வைத்தியர்களுக்கு எந்த மருந்து பிரயோகிக்கப்பட்டது என்பதைக் கூடச் சொல்லவில்லை. விஷத்தைக் காட்டிலும், அறியாமையும் மறைவும் அங்கே அதிகம் கொன்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த விஷத்துக்கு முறிமருந்து இல்லாமலில்லை. நலாக்ஸோன் என்னும் ஔஷதத்துக்கு 1961-இல் காப்புரிமை கோரப்பட்டது. 1971-இல் அமெரிக்க சர்க்கார் அதை அங்கீகரித்தது. அபின் வகைப் பொருள் மூளையில் பற்றிக்கொண்டிருக்கும் இடங்களிலிருந்து அதை நெட்டித் தள்ளிவிட்டு அங்கே தான் அமர்ந்துகொள்ளுவதே இம்மருந்தின் தொழில். ஊசியிலோ மூக்கில் பீய்ச்சியோ கொடுத்த சில நிமிஷங்களில், இறந்தான் என்று கைவிடப்பட்டவன் மூச்சை இழுத்து எழுந்து உட்காருவதைக் காணலாம். அபின் வகை உடம்பில் இல்லாதவனுக்கு இதனால் தீங்கில்லை. இது போதை தருவதுமில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: இதன் பலம் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும், விஷமோ அதற்குப் பின்னும் உடம்பில் தங்கியிருந்து மறுபடி அமுக்கக் கூடும். ஆகையால் எழுந்துவிட்டான் என்று அனுப்பிவிடாமல், ஆஸ்பத்திரி சேரும் வரை கூடவே இருக்கவேண்டும். வீரியம் மிகுந்த பென்டனில் வகைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுக்கவும் நேரலாம்.

அளவு மீறிய போதையால் ஒருவர் விழுவதைக் காண வாய்ப்புள்ளோர் எல்லோருக்கும் இந்த மருந்தைக் கொடுத்து வையுங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2021 முதல் 2023 வரை ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அளவு மீறிய போதையால் மாண்டார்கள். 2023 மார்ச்சில் மூக்கில் பீய்ச்சும் நலாக்ஸோனை வைத்தியர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். 2024-இல் மரணங்கள் சுமார் 80,000 ஆகக் குறைந்தன. அந்தக் குறைவுக்குக் காரணங்கள் பல. முறிமருந்து பரவலாகக் கையில் இருந்தது அவற்றில் ஒன்று என்பதை அங்குள்ள வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளுகிறார்கள். நம் நாட்டில் ஊசி போட்டுக்கொள்ளுவோருக்கு எய்ட்ஸ் தடுப்பு ஏற்பாட்டின் கீழ் இயங்கும் நிலையங்களில் இம்மருந்து ஓரளவு இருக்கிறது, ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, அதற்கு வெளியே, மரணம் உண்மையில் நிகழும் அறைகளிலும் சந்துகளிலும், இல்லை.

இங்கே அதிகக் கவனம் தேவைப்படுகிறவர்கள், பழக்கத்தை விட்டவர்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் உண்மை இதுவே. ஓயாமல் உபயோகித்த உடம்பு அந்த விஷத்தைத் தாங்கும் சக்தியை வளர்த்துக்கொள்ளுகிறது. சில வாரங்கள் நிறுத்தினால் அந்தச் சக்தி போய்விடுகிறது. மீட்பு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவன், ஒரு பலவீனமான நாளில் பழைய அளவையே மறுபடி எடுத்துக்கொண்டால், அதே அளவு அவனைக் கொன்றுவிடுகிறது. முக்தாங்கணும் பெரிய மத்திய சிறைச்சாலையும் ஒருங்கே இருக்கின்ற எரவாடா போன்ற இடத்தில், வாசலைத் தாண்டி வெளியேறும் ஒவ்வொருவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் இந்த எச்சரிக்கையைச் சொல்லி, கையில் முறிமருந்தையும் கொடுத்தனுப்புவதே அறிவுடைமை.

அறிவும் மருந்தும் இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று இல்லாவிட்டால் அவ்விரண்டும் பயன்படா. அது அபயம். அந்த அறையிலிருக்கும் தோழன் தொலைபேசியை எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறான். ஏனெனில், வண்டியோடு போலீஸும் வரும், கல்லூரி வெளியே தள்ளும், ஊரில் அப்பா அம்மாவுக்குச் செய்தி போகும் என்று அவன் அஞ்சுகிறான். அந்த அச்சத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் உபயோகிப்பதும் வைத்திருப்பதும் குற்றமே. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைத் தொந்தரவு செய்யலாகாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. போதையில் மூச்சடங்குகிறவனைக் காப்பாற்ற முன்வருகிறவனுக்கு அத்தகைய பாதுகாப்பு ஏன் இருக்கலாகாது? தானாக முன்வந்து சிகிச்சை பெறுகின்ற அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64-ஏ பிரிவு ஏற்கெனவே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கருணையை இன்னும் ஓர் அடி நீட்டி, உயிர் காக்க அழைத்தவர்மேலும் காக்கப்பட்டவர்மேலும் உபயோகித்ததற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இல்லை என்று விதித்தால், விற்பவனுக்கு அதனால் ஒரு சலுகையும் கிடைக்கப் போவதில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு உயிர் கிடைக்கும்.

இது பழக்கத்தை ஊக்குவிக்கும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்களுடைய கவலை நேர்மையானது. ஆனால் மரணம் யாரையும் திருத்தியதில்லை. திருந்துவதற்கு உயிரோடு இருக்கவேண்டும். முக்தாங்கணின் வாசலை மிதித்து மனிதராகத் திரும்பியவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் ஒருநாள் பிழைத்திருந்தவர்கள்தாம். இன்னொரு பக்கம், பயத்தில் எல்லை மீறிவிடவும் கூடாது. 1985 சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் உபயோகம் நம் நாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய், புற்றுநோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள்; டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் பல்லாண்டுகள் போராடிய பிறகே 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பென்டனில் அந்த நோயாளிகளின் உரிமைப் பொருள். கள்ள உற்பத்தியை ஒடுக்குகிற கை அவர்களுடைய வலி மருந்தைப் பறித்துவிடலாகாது.

ஆகவே, சர்க்காரையும் சமூகத்தையும் வேண்டிக்கொள்ளுவது இவை. புனேயின் ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும், 108 வண்டியிலும், போலீஸ் நிலையத்திலும் நலாக்ஸோன் இருக்கட்டும். அதைக் கையாளத் தெரிந்த இருவராவது இருக்கட்டும். நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்பிக்கும் இடங்களிலெல்லாம் மூச்சு ஊதுவதையும், அபின் விஷத்தின் அடையாளங்களையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். அழைத்தவருக்கு அபயம் தரும் திருத்தத்தைப் பாராளுமன்றம் கொண்டுவரட்டும். அதுவரை மகாராஷ்டிர, தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவர்கள் தம் அதிகாரிகளுக்கு உயிர் முதல், விசாரணை பிறகு என்று எழுத்து மூலம் உத்தரவிடட்டும். அடிமைப்பட்டவர்களுக்கு வழி காட்ட 14446 என்னும் தேசிய எண்ணும், விற்பவர்களைப் பற்றிச் சொல்ல 1933 என்னும் எண்ணும் இருக்கின்றன. தமிழ்ச் சங்கங்கள் அவற்றைத் தம் அறிக்கைகளில் அச்சிடட்டும். பெற்றோரே, வெளியூரிலுள்ள உங்கள் பிள்ளையிடம், “நீ இதைத் தொடாதே” என்று சொல்லும்போதே, “உன் தோழன் விழுந்து கிடந்தால், யாருக்கும் பயப்படாமல் உடனே 108-ஐக் கூப்பிடு; பிறகு எங்களைக் கூப்பிடு; உன்னை நாங்கள் கோபிக்க மாட்டோம்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டம் திருந்துவதற்குக் காலம் பிடிக்கும். அந்த வாக்கியத்தை இன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிடலாம்.